லாரிக்கு ஒரு காவற்காரன்

முற்காலத்தில் நம் சிற்றூர்களில் இரவுக் காவலுக்குத் தலையாரி என்று ஒருவர் இருப்பார். ஒரு கையிலே தடியும் மறு கையிலே லாந்தரும் ஏந்தி அவர் தெருத் தெருவாகச் சுற்றி வருவார். நாய் குரைத்தால் நின்று கவனிப்பார். பூனை ஓட்டின்மேல் ஓடினால் நகர்ந்துவிடுவார். அயலான் ஒருவன் சுவரேறினால் மட்டும் ஊரே எழும்படி குரல் கொடுப்பார். அவருடைய திறமை உரக்கக் கூவுவதில் இல்லை. எப்போது கூவ வேண்டும், எப்போது வாளாவிருக்க வேண்டும் என்று அறிந்திருப்பதிலேதான் இருந்தது. ஒவ்வொரு சலசலப்புக்கும் கூவும் தலையாரியின் குரலை ஊரார் மூன்றாம் நாளே பொருட்படுத்த மாட்டார்கள். 'புலி வருகிறது' என்று விளையாட்டாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் அனைவரும் இளமையிலே கேட்டிருக்கிறோம் அல்லவா?

கனரக லாரிகளில் பொருத்தப்படும் எச்சரிக்கைக் கருவி, அதாவது நாம் வழக்கில் 'அலாரம்' என்று சொல்லும் சாதனம், அந்தத் தலையாரியின் வேலையைச் செய்ய வந்ததேயாகும். அதைப் பொருத்துவது எவ்வாறு என்பதையும், பொருத்தும்போது எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நமக்கு லாரி அந்நியமான பொருளன்று. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பதிவான லாரிகளை இந்தியாவின் எந்த நெடுஞ்சாலையிலும் காணலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு வண்டிகள் வட மாநிலங்களிலும் மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்கின்றன. ஊர், மொழி, உறவு எல்லாவற்றையும் பின்னே விட்டு வந்த ஓட்டுநருக்கு அந்த வண்டியே வீடு, அதுவே பிழைப்பு. வண்டியின்மீது கடன் இருக்கும். ஏற்றிய சரக்கு பிறருடையதாக இருக்கும். இரவில் பத்து மூட்டை களவு போனால் முதற் கேள்வி ஓட்டுநரை நோக்கித்தான் எழும். மொழி தெரியாத ஊரில் தன் குற்றமின்மையை விளக்குவது எளிதான காரியமா? ஆகவே லாரியின் காவல் என்பது பொருளின் காவல் மட்டுமன்று. ஒரு மனிதனின் நற்பெயருக்கும் அதுவே காவல்.

இனி, நம் பேச்சுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்வோம். தென் அந்தமானில் சிப்பிகாட் என்று ஓர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டதும் நமக்குச் சிப்பியும் கடற்றுறையும் நினைவுக்கு வரும். போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் பெற்ற தலைநகரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் அது உள்ளது. அங்கு அமைந்த அரசினர் வேளாண்மைப் பண்ணையால் அவ்வூர் பெயர் பெற்றது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரை சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துபோயிற்று. சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. இன்றும் அப்பக்கம் செல்வோர் முன்பு நெல் விளைந்த இடத்தில் உப்பு நீர் பரந்து கிடப்பதைக் காணலாம்.

அந்தச் சிப்பிகாட்டில், சாலையோரமாக இரவு தங்கும் ஒரு லாரியைக் கற்பனை செய்துகொள்வோம். ஓட்டுநரும் கிளீனரும் தமிழர்கள். அந்தமான் தலைநிலத்துக்குக் கிழக்கே வெகு தொலைவிலுள்ள நிலம். கடிகாரமோ தலைநிலத்தின் கடிகாரமே. எனவே மாலை ஆறு மணிக்கெல்லாம் இருள் சூழத் தொடங்கிவிடும். காவல் காக்கவேண்டிய இரவு நீண்டது. காற்றிலே உப்பு, வானிலே மழை. சென்னையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்தமானில் 3,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. இத்தகைய இடத்தில் செம்மையாக வேலை செய்யும் அலாரம் எங்கும் வேலை செய்யும். ஆகையால் இவ்விடத்தையே நம் பரிசோதனைக்கூடமாக வைத்துக்கொள்வோம்.

முதற்கண், எதைக் காக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். லாரியில் களவு போகக்கூடியவை ஐந்து: காபினிலுள்ள பணமும் பத்திரங்களும், பின்னாலுள்ள சரக்கு, டாங்கிலுள்ள டீசல், பாட்டரிகள், கடைசியாக, லாரியே. இவற்றுள் முழு லாரியைக் கடத்துவது அரிது. அதிலும் தீவிலே கடத்திக்கொண்டு போவதற்கு வழி குறைவு. டீசலும் பாட்டரியும் தார்ப்பாய்க்கடியில் இருக்கும் மூட்டைகளும் அப்படியல்ல. பலர் காபின் கதவுகளுக்கு மட்டும் அலாரம் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறார்கள். திருடனோ கதவுப் பக்கமே வருவதில்லை.

அலாரம் எதுவாயினும் அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. உணரும் உறுப்பு ஒன்று. முடிவு செய்யும் பெட்டி ஒன்று. கூவும் சைரன் ஒன்று. உணரும் உறுப்புகளைத் தக்க இடத்தில் அமைப்பதிலேதான் வேலையின் பெரும் பகுதி அடங்கியுள்ளது.

காபின் கதவுகளுக்குச் சிறு பொத்தான் சுவிட்ச் போதும். கதவு திறந்தால் பொத்தான் வெளியே வந்து மின்சுற்று நிறைவுபெறும். காபினை முன்னோக்கிச் சாய்க்கும் வண்டிகளில் சாய்க்கும் இடத்திலும் ஒரு சுவிட்ச் வைத்தல் நலம். மூடிய பெட்டி வண்டியாயின் பின் கதவில் காந்தச் சுவிட்ச் பொருத்தலாம். கதவோடு காந்தம் விலகியதும் அது செய்தி அனுப்பும். தார்ப்பாய் கட்டிய திறந்த வண்டிக்கு வேறு உபாயம் உண்டு. மெல்லிய ஒயர் ஒன்றைத் தார்ப்பாயின் கயிற்று வளையங்களினூடே கோத்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்தச் சுற்றில் எப்போதும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். யாரேனும் ஒயரை அறுத்தால் ஓட்டம் நிற்கும். நின்றதும் சைரன் கூவும். கதவுச் சுவிட்சிலோ மின்சாரம் ஓடத் தொடங்கினால்தான் கூவல் பிறக்கும். அதனால் கதவு ஒயரை வெளியிலிருந்து அறுத்துவிட்டால் அது ஊமையாகிவிடும். திருடன் கைக்கு எட்டும் இடங்களிலெல்லாம் அறுத்தால் கூவும் சுற்றே ஏற்றது என்னும் விதியை மனத்தில் கொள்க.

டீசல் டாங்கைப் பொறுத்தவரை, பூட்டுள்ள மூடியே முதற் காவல். மூடியின்மேல் ஒரு சுவிட்ச் அமைப்பதானால் அது டாங்கின் வெளிப்புறத்திலேயே இருக்க வேண்டும். டாங்கைத் துளைப்பதோ, உள்ளே புதிய ஒயர் செலுத்துவதோ அறவே கூடாது. பெட்ரோல் முதலிய தீப்பற்றும் பொருள்களை ஏற்றும் டாங்கர் வண்டிகளுக்கு மின்சார அமைப்பைப் பற்றித் தனி விதிகள் உண்டு. அவற்றில் வண்டி தயாரித்த கம்பெனியின் அனுமதியின்றி எவ்வித மாற்றமும் செய்தலாகாது.

அடுத்து, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம். காரில் இருப்பது 12 வோல்ட். கனரக லாரியிலோ இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது அது 28 வோல்ட் வரையில் உயரும். கார் அலாரத்தை மலிவாக வாங்கி லாரியில் இணைத்தால் அது கருகிப்போகும். இதை அறிந்த சிலர், இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இது மேலும் தீங்கானது. ஒரு பாட்டரி நாள்தோறும் சிறிது இறங்கும், மற்றது இறங்காது. சார்ஜ் ஏறும்போது இறங்கியது நிரம்புவதற்குள் நிரம்பியது கொதிக்கும். சில மாதங்களில் இரண்டுமே கெடும். எனவே 24 வோல்ட்டுக்கென்றே செய்த கருவியை வாங்குவதே முறை.

மின்சாரத்தை எடுக்கும் இடத்தில், பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்திற்குள், பியூஸ் ஒன்று இருத்தல் வேண்டும். அலாரத்திற்கு ஐந்து ஆம்பியர் பியூஸ் பெரும்பாலும் போதும். பியூஸைக் கருவியின் அருகே வைத்தால், பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள ஒயர் சேசிஸில் உரசித் தேயும்போது அதைத் தடுக்க எதுவும் இராது. ஒயர் சிவக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். காபினில் உறங்கும் இருவரின் உயிரும் அந்த ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. திருடனுக்கு அஞ்சி வைத்த கருவி தீயை அழைத்துவரலாகாது.

பல லாரிகளில் பாட்டரியைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச் உண்டு. ஓட்டுநர் இரவில் அதை நிறுத்திவிட்டால், அதற்குப் பின்னே இணைத்த அலாரமும் உறங்கிவிடும். ஆகவே சாதாரணச் சரக்கு லாரிகளில் அலாரத்தின் ஒயரைத் தனிப் பியூஸோடு அந்தச் சுவிட்சுக்கு முன்பாகவே எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும். காத்திருக்கும் நிலையில் கருவி 20 மில்லி ஆம்பியர் உண்கிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர்-மணி. 30 நாளில் 14.4 ஆம்பியர்-மணி. 120 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு இது எட்டில் ஒரு பங்கே, பாதகமில்லை. கருவி 100 மில்லி ஆம்பியர் உண்ணுமாயின் ஒரு மாதத்தில் 72 ஆம்பியர்-மணி போய்விடும். பாட்டரியில் பாதிக்குமேல் காலி. பிறகு வண்டி புறப்படாது. கருவி வாங்கும்போது அதன் ஓசையை மட்டும் கேட்காமல், காத்திருக்கையில் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதையும் கேட்க வேண்டும்.

பாட்டரியையே கழற்றிச் செல்லும் திருடனுக்கு என்ன செய்வது? தனக்கென்று சிறு பாட்டரியைத் தன்னுள்ளே கொண்ட சைரன்கள் கிடைக்கின்றன. பெரிய பாட்டரியின் இணைப்பு அறுந்தவுடன் அவை தாமாகவே கூவத் தொடங்கும். லாரிக்கு இத்தகைய சைரனே தக்கது. அதைக் கைக்கு எளிதில் எட்டாத இடத்தில், எஞ்சின் வெப்பம் படாமல், மழைநீர் தேங்காதவாறு வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்த வேண்டும்.

இனி, வண்டியையே ஓட்டிச் செல்வதைத் தடுக்கும் உபாயம். மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை இயக்கினார்கள். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில், சார்ல்ஸ் கெட்டரிங் என்பார் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. அது ஓட்டுபவருக்கு வசதி தந்தது. திருடுபவனுக்கும் வசதி தந்தது! ஆகவே ஸ்டார்ட்டரைத் தடுப்பதே நல்ல வழி. ஸ்டார்ட்டருக்குக் கட்டளை கொண்டுபோகும் மெல்லிய ஒயரின் நடுவில் ஒரு ரிலேயை அமைத்தால், அலாரம் விழித்திருக்கும்போது சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் புறப்படாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை நிறுத்தும்படி எந்தக் கருவியையும் இணைக்கலாகாது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கின் உதவி போய்விடும். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசரும் நின்றுவிடும். தேக்கி வைத்த காற்று சில முறை மிதிப்பதற்குத்தான் வரும். பத்து இருபது டன் சரக்கோடு மேட்டுச் சாலையில் இறங்கும் லாரி, ஒரு ரிலேயின் கோளாறால் நடுவழியில் எஞ்சின் அணைந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். களவைத் தடுக்கச் சென்று கொலைக்கு வழி செய்தவர்கள் ஆவோம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்படும் பி.எஸ். 6 வகை லாரிகளில் எஞ்சினைக் கணிப்பொறி ஆளுகிறது. அதன் ஒயர்களை அறுத்து ஒட்டுதல் கூடவே கூடாது. அவற்றில் வண்டிக் கம்பெனியின் பணிமனையிலேயே பொருத்துவது உத்தமம்.

உப்புக் காற்றிலும் மழையிலும் ஒயர் வேலை எப்படி இருக்க வேண்டும்? ஈயம் பூசிய செம்புக் கம்பியுள்ள ஒயர் நெடுநாள் உழைக்கும். இரண்டு ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால், நம் ஊர் வெயிலில் சில காலம் தாங்கலாம். சிப்பிகாட் மழையில் தாங்காது. இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். சேசிஸுக்கு அடியில் இணைப்பே இல்லாமல் ஒரே நீள ஒயரைக் கொண்டுசெல்வது நன்று. எர்த்து கொடுக்கும் இடத்தில் பெயிண்டைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். இரும்புத் தகட்டின் துளை வழியே செல்லும் ஒயருக்கு ரப்பர் வளையம் வேண்டும். காபின் சாயும் இடத்தில் ஒயருக்குச் சிறிது தளர்ச்சி விட வேண்டும். இவை சிறு விஷயங்கள் அல்ல. காரணமின்றிக் கூவும் அலாரங்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் பச்சை பூத்த ஓர் இணைப்போ துருப்பிடித்த ஒரு கதவுச் சுவிட்சோதான் உள்ளே இருக்கும்.

இப்போது நம் தலையாரியிடம் திரும்பி வருவோம். எப்போது கூவக் கூடாது என்பதே மீதமுள்ள கேள்வி.

அதிர்வை உணரும் உறுப்பு ஒன்றும் அலாரத்தோடு வரும். அதன் கூர்மையைத் திருகினால் கூட்டவும் குறைக்கவும் முடியும். பலர் அதை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். நின்ற லாரி உண்மையில் அசைவற்றதன்று. எஞ்சின் குளிரும்போது இரும்பு சுருங்கி ஒலிக்கும்; பிரேக்கிலுள்ள காற்று கசிந்து சீறும்; மூட்டைகள் அமரும்; காற்றில் தார்ப்பாய் அடிக்கும்; பக்கத்தில் இன்னொரு லாரி உறுமிச் செல்லும். இவற்றுக்கெல்லாம் கூவினால், இரண்டாம் இரவே ஓட்டுநர் வெறுப்புற்று அலாரத்தை அணைத்துவிட்டுப் படுப்பார். மூன்றாம் இரவில் திருடன் வருவான். ஆகவே உள்ளங்கையால் கதவைத் தட்டினால் பேசாமலும், இரும்புக் கம்பியால் நெம்பினால் கூவியும் எழும் அளவுக்கு அதைச் சரிசெய்ய வேண்டும். காபினுக்குள் அசைவை உணரும் கருவி, உள்ளே ஆள் உறங்கும் லாரிக்கு உதவாது. புரண்டு படுக்கும் கிளீனரைத் திருடன் என்று அது கூவும்!

தீவின் வாழ்க்கை வேறு சில பாடங்களையும் கற்பிக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரும் வண்டி, கப்பலின் வயிற்றில் நாள்கணக்கில் ஆடிக்கொண்டு நிற்கும். வடக்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில் மிடில் ஸ்ட்ரெயிட் என்னும் கடற்கழியைப் பல ஆண்டுகளாக லாரிகள் வாகனப் படகில் ஏறியே கடந்து வந்தன. அலையில் சாயும் தளத்தின்மீது, சாய்வை உணரும் அலாரம் அலறாமல் இருக்குமா? இதற்காகவே உணர்வுகளைத் தாற்காலிகமாக அடக்கி வைக்கும் ஓய்வு நிலை ஒன்று நல்ல கருவிகளில் இருக்கும். அதை இயக்கும் முறையை ஓட்டுநர் மட்டுமின்றிக் கிளீனரும் கற்றிருக்க வேண்டும்.

அதே நெடுஞ்சாலை ஜிர்க்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரையில் ஜாரவா பழங்குடியினரின் காட்டினூடே செல்கிறது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையால் காக்கப்பட்ட நிலம் அது. வண்டிகள் அணியாகவே செல்ல வேண்டும். வழியில் நிற்றலும் படம் எடுத்தலும் கூடா. அந்தக் காட்டில், குழியில் சக்கரம் இறங்கிய அதிர்ச்சிக்கெல்லாம் ஒரு சைரன் வீறிட்டால், அமைதியாக வாழும் மக்களுக்கு நாம் இழைக்கும் தீங்கு சிறிதன்று. ஓடும் வண்டியில் அலாரம் தானாகவே அடங்கியிருக்கும்படி இக்னிஷன் சாவியோடு அதை இணைத்தால் இத்தொல்லை நேராது.

காட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் இது பொருந்தும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 119-ஆம் விதி, பல சுரங்களில் ஒலிக்கும் ஹார்ன்களையும் அளவுமீறிக் கடுமையாக ஒலிக்கும் சாதனங்களையும் தடுக்கிறது. சைரனை ஹார்னாகப் பயன்படுத்தும்படி இணைப்பது தவறு. மேலும், கூவத் தொடங்கிய சைரன் ஓரிரு நிமிடங்களில் தானாக நின்று, மீண்டும் காவலுக்குத் திரும்ப வேண்டும். விடியும்வரை அலறும் சைரன் திருடனை விரட்டுவதில்லை, அயலாரைப் பகைவராக்குகிறது. வெளியூரில் பிழைக்கும் நமக்கு அயலாரின் நல்லெண்ணமும் ஒரு காவல் என்பதை மறக்கலாகாது.

பொருத்தி முடித்தபின் மாதம் ஒருமுறையேனும் சோதனை செய்ய வேண்டும். ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். தார்ப்பாய்ச் சுற்றின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பாட்டரி ஒயரை விலக்கிச் சைரன் தானே கூவுகிறதா என்று பாருங்கள். தலைநிலத்தில் பலர் செய்தியை அலைபேசிக்கு அனுப்பும் கருவிகளையும் வைத்துக்கொள்கிறார்கள். அது நல்லதே. எனினும் அலைபேசிக் கோபுரத்தின் எல்லைக்கு அப்பால் அந்தச் செய்தி போய்ச் சேராது. சைரனின் குரலும் எல்லையற்றதன்று; திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே வண்டியைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில், வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். சைரன் கேட்டால் தனியாக இறங்கி ஓட வேண்டா. விளக்கைப் போட்டு, துணைக்கு ஆளை எழுப்பி, 112 என்னும் எண்ணில் காவல்துறையை அழையுங்கள். போன டீசலை மீட்டும் வாங்கலாம்.

சிப்பிகாட்டில் நாம் கற்பனை செய்த அந்த லாரிக்கு இப்போது நள்ளிரவு. மழை தார்ப்பாயின்மேல் கொட்டுகிறது, காற்று வண்டியை அசைக்கிறது, அலாரம் பேசவில்லை. ஓட்டுநரும் கிளீனரும் உறங்குகிறார்கள். விடியற்காலையில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டிய மனிதனுக்கு அந்த உறக்கத்தைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. மழைக்கும் காற்றுக்கும் வாய் திறவாத அந்தக் கருவி, யாரேனும் ஒருவன் தார்ப்பாய்க் கயிற்றில் கத்தி வைக்கும் கணத்தில் அவர்களை எழுப்பும். அதன் குரலை அவர்கள் நம்புவார்கள். ஏனெனில் அது வீணாக ஒருமுறையும் அவர்களை எழுப்பியதில்லை.